சாய்கோடுகளைத் துடைத்தவர்

புதன்கிழமை பகல் ஒன்று நாற்பதுக்குப் படியேறி வந்த பெண், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்தாள்.

"நாலு மணிக்குள்ள இது பொய்யின்னு நிரூபிக்கணும்."

"உட்காருங்க," என்றான் கொழுந்தன். "உட்கார்ந்துகூட நிரூபிக்கலாம். நாங்க அதுக்குத் தனியா எதுவும் வாங்கறதில்ல."

அந்தத் துப்பறியும் நிலையத்தில் ஆட்கள் இரண்டே பேர்தான். சாவி வெட்டுகிறவரின் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு மேஜை, நினைத்தால் சுற்றும் ஒரு மின்விசிறி. பெரிய மேஜை அண்ணியுடையது. தபால் இலாகாவில், போய்ச் சேராத கடிதங்களைப் பிரித்துப் பார்த்து உரியவரைத் தேடிப் பிடிக்கிற பிரிவில் பதினான்கு வருடம் இருந்தவள். சின்ன மேஜை அவளுடைய கணவரின் தம்பிக்கு. முன்பு லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன். ஏறி இறங்கி அலுத்துப்போய், அலைந்து பார்க்கலாம் என்று இங்கே சேர்ந்தவன். அவன் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில், வருகிறவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் வாசல் பலகையிலும் அதையே எழுதிவிட்டார்கள்.

அண்ணி காகிதத்தை எடுத்து, முதலில் பின்பக்கம் பார்த்தாள். பழைய பழக்கம். பிறகு முன்பக்கம். ஒரே வரிதான் இருந்தது.

ஞாயிறு, காலை 11.10. டீச்சர், கைபேசியிலிருந்து: சேர்க்கலாம்.

"டீச்சர் யாரும்மா?"

"நான்தான். பள்ளிக்கூட டீச்சர் இல்ல. ஆபீஸ்ல யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் சிவப்பு மையில திருத்தித் திருப்பிக் கொடுப்பேன். அதனால வச்ச பேரு."

"என்ன ஆபீஸ்?"

"ஒரு லைப்ரரி நடத்தறோம்."

கொழுந்தன் முகம் மலர்ந்தது. "புஸ்தகத்தை வாங்கிட்டுத் திருப்பித் தராதவங்களைப் பிடிக்கணுமா?"

"புஸ்தகமே கிடையாது. மத்தவங்க கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும்போது சில சில்லறை வேலையைத் தாங்களே எழுதாம, ரெடியா இருக்கிற துண்டை எடுத்துச் சேர்த்துக்குவாங்க. அந்த மாதிரித் துண்டுகளுக்குப் பேரு லைப்ரரி. எங்களோடது ஒரே வேலைதான் செய்யும். வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள்ள வைக்கும். அப்புறம் சேதாரமில்லாம வெளியே எடுக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எட்டு வருஷமா எழுதறேன்."

"நான் எட்டு வருஷத்துல மூணு வேலையை விட்டுட்டேன்," என்றான் கொழுந்தன், உண்மையான மரியாதையோடு.

டீச்சர் விஷயத்தைச் சொன்னாள். வரிசையாகச் சொன்னாள், திருத்திப் பழகியவள். மூன்று வாரம் முன்பு, ஆபீஸில் எல்லோரும் உட்கார்ந்து எழுதும் பொது மேசையிலிருந்து லைப்ரரிக்கு ஒரு மாற்றம் வந்தது. யார் எழுதியது என்று பெயர் இல்லை. அவள் பார்த்தாள், சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினாள். அதே மாற்றம் போன ஞாயிற்றுக்கிழமை, ஒரு புள்ளிகூட மாறாமல், லைப்ரரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. திங்கட்கிழமை காலையில் அந்த லைப்ரரியைப் பயன்படுத்துகிற இடங்களிலெல்லாம் வாக்கியங்கள் பாதியில் நின்றுபோயின.

"ஒரு ஆஸ்பத்திரிப் பலகையில 'டாக்டர்'ங்கற வரைக்கும் வந்திருக்கு. பேரு வரலை."

"அதனால என்ன, டாக்டரும்தான் வரமாட்டார்."

"தம்பி," என்றாள் அண்ணி.

கொழுந்தன் வாயை மூடிக்கொண்டான். எவ்வளவு நேரத்துக்கு என்று சொல்லவில்லை.

"எங்க விதி இதுதான்," என்றாள் டீச்சர். "எழுதறது யாரா இருந்தாலும், 'சேர்க்கலாம்'னு சொன்னவங்கதான் பொறுப்பு. அப்படிச் சொல்ற உரிமை எனக்கு மட்டும்தான். சொன்னதா பதிவேட்டுல இருக்கு. நான் சொல்லலை. ஞாயித்துக்கிழமை நூத்தி ரெண்டு காய்ச்சல்ல படுத்திருந்தேன். சாட்சி கேட்டா தெர்மாமீட்டரைத்தான் கூட்டிக்கிட்டு வரணும்."

கழுத்தில் தொங்கிய நாடாவை வெளியே இழுத்துக் காட்டினாள். அதன் நுனியில் விரல் நீளத்தில் ஒரு கறுப்புச் சாவி. கம்ப்யூட்டரில் செருகினால் லைப்ரரியும் பதிவேடும் திறக்கிற சாவி.

"லைப்ரரியைப் பயன்படுத்தற கம்பெனிகள் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டிருக்காங்க. நாலு மணிக்குக் கூடி இதை வாங்கிக்குவாங்க. அப்புறம் நான் எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட நான் தொட முடியாது."

அவள் குரலில் அழுகை இல்லை. சாவியை விட்டு விரலை எடுக்க மட்டும் மறந்துபோனாள்.

"இந்தச் சாவி வேற யார்கிட்ட இருக்கு?" என்றாள் அண்ணி.

"மூணே பேர். நான் ஒண்ணு. பதிவேட்டைப் பார்த்துக்கிறவர் ஒருத்தர். எப்பவும் காதுல ஹெட்போன், அதனால அவரை எல்லாரும் ஹெட்போன்னே சொல்லுவோம். மூணாவது எங்க அண்ணன். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்சது. நான் எழுதுவேன். அவர் ஊர் ஊராப் போய் லைப்ரரியைப் பத்தி மேடையில பேசுவார். ஆபீஸ்ல அவர் பேரே மேடை."

"அவர் என்ன சொல்றார்?"

"எனக்காகக் கமிட்டிக்குக் கடிதமே கொடுத்திருக்கார். 'தங்கச்சி காய்ச்சல் வேகத்துல தெரியாம சொல்லிட்டா, பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடுங்க'ன்னு. அவர் ஒருத்தர்தான் எனக்காகப் பேசறார்."

அண்ணி மறுபடி காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். "குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கே. பதிவேட்டுல இப்படியேவா இருக்கும்?"

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதைத்தான் மூணு நாளாக் கேட்கறேன். இதுல ஒரு சாய்கோடுகூட இல்ல. மூலத்தைக் காட்டுங்கன்னேன். திங்கட்கிழமையே பூட்டி முத்திரை வச்சாச்சு, இதான் பிரதின்னாங்க."

"சாய்கோடுன்னா?"

அண்ணியின் மேஜை இழுப்பறையில் எப்போதும் உறைகள் இருக்கும். டீச்சர் மூன்று அளவில் மூன்று உறை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"மேற்கோள் குறிதான் எங்களுக்கு உறை. ஆரம்பத்துல ஒண்ணு, முடிவுல ஒண்ணு. முடிவுக் குறியைப் பார்த்ததும் மெஷின் 'செய்தி முடிஞ்சுது'ன்னு நிறுத்திடும். ஆபீஸ்ல உட்கார்ந்து நான் 'சேர்க்கலாம்'னு அனுப்பினா, அனுப்பற பெட்டி ஒரு உறை போடும். பதிவேடு அதுக்கு மேல இன்னொரு உறை போடும். போன்ல அனுப்பினா, எல்லாத்துக்கும் முன்னாடி போன் ஒரு உறை போட்டுடும். ஆக மூணு."

சின்ன உறையை நடு உறைக்குள், நடு உறையைப் பெரிய உறைக்குள் வைத்தாள்.

"இப்ப என்ன தகராறுன்னா, வெளி உறையைப் படிக்கற மெஷின், உள் உறையோட குறியைப் பார்த்தே முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கும். அதனால உள்ள இருக்கற ஒவ்வொரு குறிக்கும் முன்னாடி ஒரு காவல் நிறுத்துவோம். சாய்வா ஒரு கோடு. 'இது வெறும் எழுத்து, நிக்காதே, மேல போ'ன்னு சொல்ற காவல். உறையைப் பிரிக்கும்போது அந்தச் சுற்றுக் காவல் வீட்டுக்குப் போயிடும்."

கொழுந்தன் கையைத் தட்டினான். "புரிஞ்சுபோச்சு. ஒரு உறைன்னா காவல் இல்ல. ரெண்டு உறைன்னா ஒண்ணு. மூணு உறைன்னா ரெண்டு. நாலுன்னா மூணு. மாடிக்கு ஒரு பொத்தான்."

டீச்சரின் கை தானாகப் பைக்குள் போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்தது.

"தப்பு. மூணாவது உறை போடும்போது குறிக்கும் புதுசா ஒரு காவல் வேணும். ஏற்கெனவே நிக்கற காவலுக்கும் ஒரு காவல் வேணும். இல்லேன்னா அந்தப் பழைய காவலை மெஷின் தன்னோட ஆளுன்னு நினைச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிடும். ஆக மூணு. நாலாவது உறைக்கு ஏழு. அஞ்சாவதுக்குப் பதினஞ்சு."

"காவலுக்குக் காவலா? எங்க லிப்ட் கம்பெனியிலயும் சூப்பர்வைசருக்குச் சூப்பர்வைசர் வச்சிருந்தாங்க. லிப்ட் மட்டும் ஓடலை."

அண்ணி சிரிக்கவில்லை. மூன்று உறைகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக அப்படியே கைப்பையில் வைத்துக்கொண்டாள். "கடிதத்தைவிட உறைதான் நிஜம் பேசும். பதினாலு வருஷம் பார்த்திருக்கேன். இந்த வரியோட உறையை யாரோ கழட்டியிருக்காங்க. அதைத் தேடுவோம். செருப்பைப் போடு தம்பி."

ஆபீஸ் நான்காவது மாடியில். லிப்டில் ஏறியதும் கொழுந்தன் சுவரில் காதை வைத்துக் கேட்டு, "கயிறு முனகுது, இன்னும் ஆறு மாசம்," என்று ஆரூடம் சொன்னான். அவர்களோடு ஏறிய ஒருவர் இரண்டாவது மாடியிலேயே இறங்கிக்கொண்டார்.

கதவைத் திறந்தவர் ஆபீஸ் மேனேஜர். ஐம்பத்தைந்து வயது. அவர்கள் கை வைத்த இடத்தை உடனே துணியால் துடைத்தார். டீச்சர் சொல்லாமலே விளங்கியது, இவரை ஆபீஸில் துடைப்பம் என்று ஏன் கூப்பிடுகிறார்கள் என்று.

"கமிட்டிக்கு இந்த வரியை அச்சடிச்சுக் கொடுத்தது நீங்களா சார்?" என்றாள் அண்ணி.

"நான்தான். மூலத்தைப் பூட்டறதுக்கு முன்னாடி, ரெண்டு தடவை அச்சடிச்சேன்."

"எதுக்கு ரெண்டு?"

"முதல் தாள் பார்க்கச் சகிக்கலை. ஈ உட்கார்ந்துட்டுப் போன மாதிரி ஒரே கோடும் புள்ளியும். பெரிய மனுஷங்க பார்க்கற காகிதம். ஒவ்வொண்ணா அழிச்சிட்டு, சுத்தமா மறுபடி அடிச்சேன்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எத்தனை கோடு அழிச்சீங்க?"

"தூசியை எண்ணிக்கிட்டா துடைப்பாங்க?"

"முதல் தாள் எங்கே?"

"தூக்கிப் போட்டிருப்பேன்."

"போட்டிருப்பீங்களா, போட்டீங்களா?"

துடைப்பம் யோசித்தார். யோசிக்கும்போதும் கை எதையோ துடைத்துக்கொண்டிருந்தது. "நான் எதையும் வீணாக்கறதில்ல. எதுக்கோ பயன்பட்டுச்சு. எதுக்குன்னு ஞாபகம் வரமாட்டேங்குது."

மணி இரண்டு ஐம்பது. அவரோடு சேர்ந்து இழுப்பறைகளைப் பார்த்தார்கள். அவருடைய இழுப்பறையில் ரப்பர் பேண்டுகள் நிறவாரியாக இருந்தன. குப்பைக்கூடை, குப்பைக்கூடையே கூசுகிற அளவுக்குக் காலி. அச்சு இயந்திரத்தின் அடியில் பார்த்தார்கள். அங்கே தரை மற்ற இடத்தைவிடப் பளபளத்தது. ஜன்னலோரத்தில் ஹெட்போன் உட்கார்ந்து இவர்களையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது, சவரம் செய்யாத முகம், யாராவது பக்கத்தில் போனால் திரையை அணைத்தார்.

"அண்ணி, அந்த ஆள்தான்," என்று கொழுந்தன் கிசுகிசுத்தான். "முழியே சரியில்ல."

"என்ன பார்க்கறார் திரையில?"

கொழுந்தன் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து பார்த்துவிட்டு வந்தான். "பூனை வீடியோ."

"அப்ப முழி சரிதான்."

மூன்று இருபது ஆயிற்று. டீச்சர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்துச் சாவியை நாடாவோடு முறுக்கி, அவிழ்த்து, மறுபடி முறுக்கினாள். கொழுந்தன் மூலையில் இருந்த காபி இயந்திரத்தில் ஒரு கப் பிடித்தான். குடிக்கப் போனவன் நிறுத்தினான். கப்பைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்துத் தரையில் வைத்தான். பென்சில் தானாக உருண்டு ஜன்னல் பக்கம் போயிற்று.

"கட்டடம் ஜன்னல் பக்கமா அரை அங்குலம் சாஞ்சிருக்கு," என்றான். "மேஜை சாயுது, அலமாரி சாயுது, செடித்தொட்டி சாயுது. காபி மெஷின் மட்டும் நேரா நிக்குது. ஒரு லிப்ட் மெக்கானிக்குக்கு இது எவ்வளவு பெரிய துரோகம் தெரியுமா?"

துடைப்பத்தின் முகத்தில் விளக்கு எரிந்தது. "ஆட்டம் காட்டிக்கிட்டே இருந்துச்சு. என்னால பார்க்க முடியலை. அதான் ஒரு தாளை மடிச்சு..."

கொழுந்தன் இயந்திரத்தைத் தூக்க, அண்ணி குனிந்து காலடியிலிருந்து எடுத்தாள். எட்டாக மடித்த தாள். துல்லியமான மடிப்பு. பிரித்துப் பார்த்தாள், 'சேர்க்கலாம்' என்ற சொல்லுக்கு முன்னால் குட்டிக் குட்டியாகக் கோடுகள். சொல்லை ஒட்டியிருந்த குறியின் முன்னால் நின்ற காவலை விரல் வைத்து எண்ணினாள். தாளை இன்னும் கிட்டே கொண்டுபோய் மறுபடி எண்ணினாள்.

"எத்தனை அண்ணி?"

"நீ மத்தியானம் சொன்ன கணக்கு என்ன தம்பி?"

"எல்லார் எதிர்லயும் எதுக்கு இப்ப அதை ஞாபகப்படுத்தறீங்க?"

டீச்சர் எழுந்து வந்து கையை நீட்டினாள். அண்ணி தாளைக் கொடுக்கவில்லை. மடித்துக் கைப்பையில் உறைகளோடு வைத்தாள்.

"உங்களுக்கு இப்பக் காட்ட மாட்டேன்மா. காட்டினா, நீங்க சொல்லிக்கொடுத்து நான் பேசறேன்னு ஆயிடும். ஒரு கேள்வி. ஞாயித்துக்கிழமை காய்ச்சல்னு யாருக்குச் சொன்னீங்க?"

"யாருக்கும் இல்ல. காலையில அண்ணன் போன் பண்ணார், அவர்கிட்ட மட்டும். மாத்திரை போட்டுத் தூங்கப் போறேன்னேன். மத்தியானம் வரைக்கும் போனைத் தொடாதே, ஓய்வெடுன்னார்."

"ம்," என்றாள் அண்ணி.

கொழுந்தனுக்கு அந்த 'ம்' தெரியும். கூட இருந்த நாலு வருடத்தில் ஆறு முறை கேட்டிருக்கிறான். கப்பை எடுத்துப் பார்த்தான். தாள் போனதும் இயந்திரம் லேசாகச் சாய்ந்திருந்தது. துடைப்பம் அதைப் பார்த்துத் தவித்துக்கொண்டிருந்தார்.

கூட்ட அறையில் சரியாக நாலு மணிக்கு எல்லோரும் இருந்தார்கள். கமிட்டித் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. முன்னால் கூராக்கிய நான்கு பென்சில்களை அடுக்கி வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் கமிட்டி உறுப்பினர்கள் இருவர். இருவரும் கடிகாரம் பார்க்கிற வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். எதிரே டீச்சர், ஹெட்போன், துடைப்பம். டீச்சருக்குப் பக்கத்தில், அவள் தோளில் ஆதரவாகக் கை வைத்தபடி மேடை.

நல்ல உயரம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. குரலில் தனியாக ஒலிபெருக்கி வைத்துப் பிறந்தவர்.

"தலைவி அவர்களே," என்று எழுந்தார். "மேற்கோள் என்பது என்ன? நம்பிக்கை. ஒருவர் சொல்லை இன்னொருவர் சிந்தாமல் சுமப்பது. என் தங்கை எட்டு வருடம் சுமந்தாள். ஒரே ஒரு நாள், காய்ச்சலில், கை நழுவியது..."

"அருமை," என்றான் கொழுந்தன், பக்கத்திலிருந்த உறுப்பினரிடம். "டிக்கெட் எவ்வளவு?"

தலைவி பென்சிலால் மேஜையைத் தட்டினாள். "உங்க கடிதத்தைப் படிச்சிட்டேன். உட்காருங்க. டீச்சர் சார்பா இவங்க பேசணுமாம். பத்து நிமிஷம்."

அண்ணி எழுந்தாள். "அஞ்சு போதும்மா. சாவி வச்சிருக்கற மூணு பேரும் அந்தப் பலகையில ஒரு வரி எழுதணும். 'சேர்க்கலாம்'ங்கற ஒரே சொல். மூணு உறை போட்டு எழுதணும். போன், பெட்டி, பதிவேடு. ஞாயித்துக்கிழமை வரி அப்படித்தான் வந்ததாச் சொல்றாங்க. சொல்லை ஒட்டி இருக்கற குறியைப் பார்த்தாப் போதும்."

"இது என்ன பரீட்சையா?" என்றார் ஓர் உறுப்பினர்.

"ஆமாங்க. பாஸ் பண்றது ரொம்ப சுலபம். லைப்ரரி நடத்தறவங்களாச்சே."

முதலில் ஹெட்போன். கொழுந்தன் நாற்காலி நுனிக்கு வந்து, ஓடினால் மறிப்பதற்குத் தயாரானான். ஹெட்போன் காதிலிருந்ததைக்கூடக் கழற்றவில்லை. போனார், கிறுக்கினார், வந்தார். தலைவி எழுந்து போய்ப் பென்சில் நுனியால் எண்ணினாள்.

"மூணு."

கொழுந்தன் ஏமாற்றத்தோடு பின்னால் சாய்ந்தான்.

இரண்டாவதாக டீச்சர். எழுதிவிட்டு, பழக்கதோஷத்தில், ஹெட்போனின் வரியில் வளைந்திருந்த ஒரு கோட்டை நேராக்கிவிட்டு வந்தாள்.

"மூணு."

மேடை எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "இந்தச் சின்னக் கோடுகளைப் பற்றி நான் பேசாத நகரம் இல்லை..."

"பேச வேணாம் சார்," என்றாள் அண்ணி. "எழுதினாப் போதும்."

மேடை பலகையின் முன்னால் நின்றார். டீச்சர் எழுதியதைப் பார்க்கலாம் என்று திரும்பினார். அண்ணி அதற்குள் அந்தப் பக்கத்தைத் துடைத்துவிடும்படி துடைப்பத்திடம் சொல்லியிருந்தாள். அவரும் அன்றைக்கு முதல் தடவையாக மகிழ்ச்சியாகத் துடைத்திருந்தார். மேடை யோசித்தார். உறைக்கு ஒன்று என்று விரல் விட்டு எண்ணுவது முதுகுப்பக்கமிருந்தே தெரிந்தது. எழுதினார்.

\\"சேர்க்கலாம்\\"

"ரெண்டு," என்றாள் தலைவி.

 அண்ணி கைப்பையிலிருந்து எட்டாக மடித்த தாளை எடுத்து, பிரித்து, பலகையில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

"துடைக்கறதுக்கு முன்னாடி பதிவேட்டுல இருந்தது இதுதான். இதுலயும் ரெண்டு. மெஷின் உறை போட்டா காவல் ஒண்ணா இருக்கும், மூணா இருக்கும், ஏழா இருக்கும். ரெண்டா இருக்கவே முடியாது. ஏன்னா எத்தனை காவல் நின்னாலும் அத்தனைக்கும் ஒவ்வொண்ணு சேர்ந்து, குறிக்குன்னு தனியா ஒண்ணு வரும். இந்த வரி போன்லேருந்து வரலை. பெட்டியிலேருந்தும் வரலை. யாரோ சாவியைப் போட்டுப் பதிவேட்டைத் திறந்து கையால எழுதியிருக்காங்க. போன்ல வந்த மாதிரி இருக்கணுமேன்னு, உறைக்கு ஒண்ணுன்னு கணக்குப் போட்டு எழுதியிருக்காங்க."

"அதே தப்பை நானும் போட்டேன்," என்றான் கொழுந்தன். "ஆனா நான் லிப்ட் மெக்கானிக். அதைப் பத்தி ஊர் ஊராப் போய்ப் பேசினதில்ல."

"சந்தேகம் இருந்தாம்மா, பூட்டி வச்ச மூலத்தை எடுத்து இந்த லைப்ரரிகிட்டயே கொடுங்க," என்றாள் அண்ணி தலைவியிடம். "பிரிச்சுக் காட்டட்டும்."

தலைவி முத்திரையை உடைத்தாள். ஹெட்போன் கம்ப்யூட்டரில் அந்த வரியை லைப்ரரியிடம் கொடுத்தார். லைப்ரரி வெளி உறையைச் சாதுவாகப் பிரிக்க ஆரம்பித்தது. சொல்லை ஒட்டிய குறிக்கு வந்ததும் நின்றுவிட்டது. திரையில் ஒரே வாசகம்: செய்தி இங்கேயே முடிந்துவிட்டது, மிச்சம் யாருடையது என்று தெரியவில்லை.

"ரெண்டு காவலும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிச்சு," என்றார் ஹெட்போன். அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான். "குறியை யாரும் பார்த்துக்கலை."

டீச்சர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளிலிருந்து மேடையின் கை எப்போதோ போயிருந்தது. அவர் உட்கார்ந்தார்.

"எங்கே போனாலும், கடைசியில கை தூக்கி ஒருத்தன் கேட்பான்," என்றார். இப்போது குரலில் ஒலிபெருக்கி இல்லை. "'இதுல நீங்க எழுதின வரி எது சார்?'னு. எட்டு வருஷமா சிரிச்சே சமாளிச்சேன். அடுத்த மாசம் பெரிய மேடை. ஒரு வரி. ஒரே ஒரு வரி என்னோடதுன்னு காட்டணும்னு இருந்துச்சு."

"பேரு போட்டே அனுப்பியிருக்கலாமே சார்," என்றான் கொழுந்தன். "எதுக்குப் பொது மேசை?"

"ஓடினா என்னோடதுன்னு சொல்லிக்கலாம்னு..."

"ஓடலைன்னா தங்கச்சியோடதுன்னா?"

மேடை சிரிக்கப் பார்த்தார். முதல் தடவையாக அது சமாளிக்க உதவவில்லை.

தலைவி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "ஒரு சாவியை வாங்கத்தான் கூடினோம். வாங்கிக்கிட்டே போறோம்." கையை நீட்டினாள். மேடை தன் கழுத்து நாடாவைத் தலை வழியாகக் கழற்றினார், காலரில் மாட்டிக்கொண்டது. டீச்சர்தான் எழுந்து விடுவித்துக் கொடுத்தாள். விடுவித்த கை அங்கேயே ஒரு நிமிடம் நின்றது.

"மூணு வாரம் முன்னாடி பொது மேசையிலேருந்து வந்தது, அது நீதானா அண்ணா?"

"ம்."

"திருப்பி அனுப்பினேனே. படிச்சியா?"

"சிவப்பைப் பார்த்ததும் மூடிட்டேன். சின்ன வயசுல என் நோட்டை நீ திருத்தினப்பவும் அப்படித்தான் மூடுவேன்."

டீச்சர் பையைத் திறந்தாள். எதையும் ஒழுங்காகக் கோத்து வைக்கிறவள். காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவ நேரமாகவில்லை. அவர் முன்னால் வைத்தாள். தாள் முழுக்கச் சிவப்பு. கொழுந்தன் கழுத்தை நீட்டிப் படித்தான். மூன்றாவது வரியில், 'இந்தக் காவலை எடுக்கக் கூடாது, வாக்கியம் பாதியில் நிற்கும்.' ஐந்தாவது வரியில், 'இதை மாற்றி எழுதவும்.' எல்லாவற்றுக்கும் மேலே, தலைப்பு மாதிரி, அடிக்கோடிட்டு:

'இரண்டாவது வரியின் யோசனை மிக நன்று. எனக்கு இத்தனை வருடம் தோன்றவில்லை. யார் எழுதியது? பெயரோடு அனுப்புங்கள், இந்த ஒரு வரியை இப்படியே சேர்த்துவிடலாம்.'

மேடை அதை இரண்டு முறை படித்தார். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தார்.

தலைவியும் உறுப்பினர்களும் போய்விட்டார்கள். அண்ணி பைக்குள் உறைகளைச் சரிபார்த்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் கொழுந்தன் திரும்பிப் பார்த்தான். டீச்சர் பலகையின் முன்னால் நின்று, அண்ணன் எழுதிய வரியில், சொல்லுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சிவப்பில் ஒவ்வொரு கோடாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். துடைப்பம் துணியோடு பக்கத்தில் காத்து நின்றார்.

"அழிக்காதீங்க," என்றாள் அவள், திரும்பாமல். "அவர் இன்னும் பார்க்கலை."